அம்மாவுக்கும் ஒரு தலைக்கவசம்



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பயிற்சி நூல்களைப் பற்றியவையாக இருக்கும். இம்முறை வேறொரு கேள்வி வந்தது. "டீச்சர், சைக்கிளுக்குப் போடுற ஹெல்மெட் எங்கே மலிவாக் கிடைக்கும்?" கேட்டவர்கள் அனைவரும் தங்கள் பிள்ளைகளுக்காகவே கேட்டார்கள். "உங்களுக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். ஒரு தந்தை, "எனக்கு எதுக்கு டீச்சர்? முப்பது வருஷமா ஓட்டுறேன்" என்றார்.

எனவே இந்த இடுகையைப் பெரியவர்களின் தலைக்காகவே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எப்படியும் வாங்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் சுங்கை பட்டாணிப் பக்கம் மிதிவண்டி ஓட்டும் பெரியவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ண வண்ண உடையணிந்து, ஆயிரக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள வண்டிகளில் கூட்டமாகச் செல்பவர்கள் ஒரு வகையினர். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு இவர்களின் எண்ணிக்கை பெருகிற்று. இவர்களில் தலைக்கவசம் இல்லாதவரைக் காண்பது அரிது. மற்றொரு வகையினர் நாள்தோறும் ஓட்டுபவர்கள். தொழிற்சாலைக்குச் செல்லும் வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள், தோட்டத்திலிருந்து கடைக்கு வரும் பெரியவர்கள், மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லாத நம் தாய்மார்கள். இவர்கள் தலையில் ஒன்றும் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் ஓட்டுபவருக்குக் கவசமும் ஏழு நாளும் ஓட்டுபவருக்கு வெறுந்தலையும் வாய்த்திருப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வந்துள்ளது.

மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 1973ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதனால் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது கை தானாகவே 'தொப்பி கெலெடாரை'த் தேடுகிறது. மிதிவண்டியில் ஏறும்போது தேடுவதில்லை. அண்டை நாடான சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாகிவிட்டது. ஜொகூரிலிருந்து அங்கு வேலைக்குச் செல்லும் அன்பர்கள் இதனை அறிந்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் என் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார். அவர் பெயர் இங்கு வேண்டாம். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு, இருட்டு விலகும் முன்பே, மிதிவண்டியில் கிளம்பிவிடுவார். மகளுக்கு வாங்கிய தலைக்கவசத்தை என்னிடம் காட்டுவதற்காக எடுத்து வந்திருந்தார். பேச்சுவாக்கில், சில மாதங்களுக்கு முன்பு மழைநீர் நிறைந்த குழியில் சக்கரம் இறங்கி விழுந்ததையும் சொன்னார். தோள்பட்டையில் அடியாம். ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லையாம். "தலையில படலையே, அது போதும் டீச்சர்" என்றார். அந்த வீட்டில் சோறு பொங்குவதும் வாடகை கட்டுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அந்த ஒரு தலையை நம்பித்தான் நடக்கின்றன. அடுத்த சனிக்கிழமை என்னோடு கடைக்கு வருமாறு அவரை அழைத்தேன்.

கடைக்குப் போகும் முன், தலைக்கவசம் என்னதான் செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் செய்முறைக்காக நாங்கள் முட்டையைப் பலவற்றில் சுற்றிக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறோம். முட்டை உடைவதற்குக் காரணம் விழும் வேகத்தைவிட, அந்த வேகம் நொடிப்பொழுதில் நின்றுபோவதே. நிற்பதற்குச் சற்றுக் கூடுதலான நேரமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடமும் கொடுத்தால் முட்டை பிழைத்துக்கொள்ளும். தலைக்கவசத்தினுள் இருக்கும் வெள்ளை நுரைக் கட்டி அந்த இடத்தைத்தான் கொடுக்கிறது. புதிய தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கும்போது மூலைகளில் வைத்து வருமே, அதே போலிஸ்திரின் வகைதான். அடிபடும்போது நுரை நசுங்குகிறது. நசுங்குவதற்குச் செலவாகும் விசை மண்டையோட்டைச் சேர்வதில்லை. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே பலமான அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

மேலே பளபளப்பாகத் தெரியும் ஓடு நுரையைக் காப்பதற்கும் சாலையில் சிக்காமல் வழுக்கிச் செல்வதற்கும்தான். நம்மவர்கள் பலர் ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். தேங்காய்க்கு அது சரி.

இனி விலைக்கு வருவோம். எங்கள் வட்டாரத்துப் பாசார் மாலாமில் இருபத்தைந்து ரிங்கிட்டுக்கு ஒரு தலைக்கவசம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கையிலெடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் ஓடு உள்ளே போகிறது. உள்ளே நுரையே இல்லை. மெல்லிய பஞ்சுத் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அது பணத்தை மிச்சப்படுத்தாது, தலையையும் காப்பாற்றாது. இதற்கும் நல்ல கவசத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரே வழி, உட்புறம் ஒட்டியிருக்கும் சிறு வில்லையைப் படிப்பதுதான்.

அதில் 'இ.என். 1078' என்றிருந்தால் அது மிதிவண்டிக்கான ஐரோப்பியத் தர அளவை. அந்தச் சோதனையில் கவசத்தைப் பொய்த்தலை ஒன்றில் மாட்டி, வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின்மீது மோதச் செய்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. மிதிவண்டியில் அமர்ந்திருப்பவரின் தலையும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 'சி.பி.எஸ்.சி.' என்றிருந்தால் அமெரிக்கத் தரம். 1999ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் விற்கப்படும் எல்லா மிதிவண்டித் தலைக்கவசங்களுக்கும் அது கட்டாயம். 'ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 2063' என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரம். இம்மூன்றில் ஒன்று இருந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளில் அழகிய தொப்பி போன்ற வடிவில் வரும் சிலவற்றில் 'இ.என். 812' என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவும் ஐரோப்பியத் தரந்தான். ஆனால் தொழிற்கூடத்தில் தாழ்வான குழாயில் தலையை இடித்துக்கொள்ளாதிருக்க அணியும் தொப்பிக்கு உரியது. சாலைக்கு ஆகாது. அதேபோல், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலுள்ள சிரிம் முத்திரையைப் பார்த்துவிட்டு அதையே மிதிவண்டிக்கும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. காற்றோட்டம் குறைவு. நம் வெயிலில் மிதித்துச் செல்பவர் பத்து நிமிடத்தில் கழற்றிக் கூடையில் போட்டுவிடுவார். மிதிவண்டிக் கவசத்தின் எடை 250 முதல் 350 கிராம்தான். அதனை மோட்டார் சைக்கிளுக்குப் போடவே கூடாது.

வில்லை இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்குரியதும் இல்லை என்றால், அதன்பின் விலையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018ஆம் ஆண்டு முதல் மிதிவண்டித் தலைக்கவசங்களை ஆய்வகத்தில் மோதச் செய்து நட்சத்திரப் புள்ளிகள் வழங்கி வருகிறது. விலை குறைந்த சில முழுப் புள்ளிகளைப் பெற்றுள்ளன. அவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள சில பின்தங்கியுள்ளன. கூடுதல் விலை பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும் காற்றுத் துளைகளுக்கும் பெயருக்கும் போகிறது. இப்போது பலவற்றில் 'மிப்ஸ்' என்னும் மஞ்சள் குறி காணப்படுகிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியில் பிறந்த ஏற்பாடு அது. சாய்வாக அடிபடும்போது கவசம் தலையின்மேல் சற்றே வழுக்கித் திரும்புவதால், மூளைக்குச் செல்லும் சுழற்சி விசை குறைகிறது. கையில் பணமிருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. பணமில்லையென்றால் அதற்காகக் காத்திருந்து வெறுந்தலையோடு ஓட்ட வேண்டா.

கடைக்குச் சென்ற கதைக்கு வருகிறேன். எங்கள் தாமானுக்கு அருகில் சீன முதியவர் ஒருவரின் மிதிவண்டிக் கடை உள்ளது. நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறார். அந்தத் தாயார் முதலில் எடுத்தது 259 ரிங்கிட் போட்டிருந்த கவசத்தை. அதை வாங்குவதற்காக அல்ல. நல்லது எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான். தலையில் வைத்ததும் இரு பொட்டுகளிலும் இறுக்கிப் பிடித்தது. முன்னும் பின்னும் மட்டும் இடைவெளி. பின்புறத் திருகைத் திருகி இறுக்கினேன். வலித்ததே தவிரப் பொருந்தவில்லை. கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கெபாலா லாயின், தோப்பி லாயின், சிக்கு" என்றார். தலை வேறு, தொப்பி வேறு என்று பொருள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து 85 ரிங்கிட் விலையுள்ள ஒன்றை எடுத்துத் தந்தார். 'இ.என். 1078' வில்லை இருந்தது. திருகைத் தொடும் முன்பே தலையில் உட்கார்ந்துவிட்டது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. அளவு என்றால் சுற்றளவு மட்டுமன்று, வடிவமும் சேர்ந்ததே. மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை உருண்டையாக இருக்கும். சிலருடையது முன்பின்னாக நீண்டிருக்கும். மேற்கத்திய நிறுவனங்களின் கவசங்கள் பல நீள்வட்டமாகவும், கிழக்காசியச் சந்தைக்கென்று செய்யப்படுபவை சற்று அகலமாகவும் இருக்கின்றன. நம்மவர்களில் இரு வகைத் தலையும் உண்டு. என் கணவருக்கும் எனக்குமே வடிவம் ஒத்துப்போகவில்லை. (வேறு பலவற்றிலும் ஒத்துப்போவதில்லை. அது இங்கு வேண்டாம்.) பொட்டுப் பகுதியில் இறுக்கி, நெற்றியில் இடைவெளி விட்டால், உங்கள் தலைக்கு அந்தக் கவசம் மிக ஒடுக்கமானது. நெற்றியிலும் பிடரியிலும் அழுத்திக் காதுகளுக்கு மேலே இடைவெளி விட்டால், அது மிக அகலமானது. இரண்டுக்கும் மருந்து வேறொரு கவசந்தான். பின்புறத் திருகு கவசத்தை நிலைநிறுத்த மட்டுமே உதவும். பொருந்தாத கவசத்தைப் பொருந்தச் செய்யும் ஆற்றல் அதற்கில்லை.

வீட்டிலேயே தையல் நாடாவால் புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளித் தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 55 சென்டிமீட்டர் என்றால், '52–56', '54–58' என்று எழுதியிருப்பவற்றை எல்லாம் போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறும். இதனால்தான் முதல் கவசத்தை இணையத்தில் வாங்க வேண்டாம் என்கிறேன். பத்து ரிங்கிட் கூடினாலும் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

போட்டுப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. திருகை முழுதும் தளர்த்திவிட்டுத் தலையில் வையுங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நெற்றி முழுவதும் தெரியப் பின்னுக்குத் தள்ளிப் போடுபவர்களே நம்மிடையே மிகுதி. முகங்குப்புற விழுந்தால் அந்தக் கவசம் நெற்றியைத் தொடக்கூட வராது. பிறகு திருகை இறுக்கி, வாரைப் பூட்டாமலேயே தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். கவசம் நழுவக் கூடாது. கையால் அதனைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் அதனோடு சேர்ந்து அசைய வேண்டும். தோல் அசையாமல் கவசம் மட்டும் அசைந்தால் அளவு பெரிது. பக்கவாட்டு வார்கள் இரண்டும் காதின் கீழே, 'வி' என்னும் ஆங்கில எழுத்து வடிவில் கூட வேண்டும். தாடைக்கு அடியில் வாரைப் பூட்டியபின் ஒரு விரல் நுழைய இடமிருந்தால் போதும். கடைசியாக, கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறவுங்கள். கவசம் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வார் தளர்வு. கடையில் நின்றுகொண்டு வாயைப் பிளக்க வெட்கமாக இருந்தால் அங்குள்ள கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் பிளந்தோம். கடைக்காரர் சிரிக்கவில்லை.

பெண்களுக்கு இன்னும் ஒன்று. எந்தக் கையேட்டிலும் எழுதாதது நம் கூந்தல். கொண்டை போட்டால் கவசத்தின் பின்புறத்தை அது தூக்கி, முன்புறத்தைக் கண்ணுக்கு மேல் சாய்த்துவிடும். உச்சியில் கொண்டை என்றால் கவசம் தலையில் உட்காரவே செய்யாது. தாழ்வாகப் பின்னித் தொங்கவிடுவதே நல்லது. கடைக்குப் போகும்போதும் நாள்தோறும் பின்னும் அதே பின்னலோடு போய் அளவு பாருங்கள். கொண்டை ஊசிகளும் பெரிய கிளிப்புகளும் நுரைக்கும் மண்டைக்கும் நடுவே இருக்கக் கூடாது. மல்லிகைச் சரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய், வேலையிடத்தில் சூடிக்கொள்ளலாம். ஜிமிக்கி வாரில் சிக்கும். ஒட்டுப் பொட்டு நெற்றிப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு காணாமற்போகும். திருநீறும் அப்படியே. எங்கள் பள்ளியின் மலாய் ஆசிரியை ஒருவர் துடோங்கின்மேல் கவசம் அணிகிறார். ஒற்றை மடிப்புள்ள மெல்லிய துணியைத் தேர்ந்தெடுத்து, குண்டூசிகள் இல்லாமல், அத்துணியோடேயே அளவு பார்த்து வாங்கினாராம்.

நம் வெயிலில் தலை வியர்த்துக் கவசம் நாறுகிறது என்பார்கள். உள்ளேயிருக்கும் பஞ்சுப் பட்டைகள் கழற்றக்கூடியவையா என்று வாங்கும்போதே பாருங்கள். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். இந்தச் சிறு வசதி இல்லாத கவசம் இரண்டு மாதத்தில் ஆணியில் தொங்கிவிடும்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. சங்கமே இருபது கவசங்களை வாங்கிப் பள்ளியில் வைத்து, வேண்டும்போது பெற்றோர்களுக்கு இரவல் தரலாம் என்றார்கள். நல்ல நோக்கந்தான். நான் உடன்படவில்லை. இரவல் கவசம் எந்தத் தலைக்கும் சரியாகப் பொருந்தாது. யார் எப்போது அதைக் கீழே போட்டார், யார் அதோடு விழுந்தார் என்பது அடுத்து வாங்கிச் செல்பவருக்குத் தெரியாது. பழைய பொருள் சந்தையில் கவசம் வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பணத்தில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஆளுக்குப் பாதி விலையைக் கொடுத்து, அவரவர் தலைக்கு அவரவரே கடையில் போட்டுப் பார்த்து வாங்கட்டும் என்றேன். விவாதம் நீண்டது. கடைசியில் பாதி விலை என்பதற்குத்தான் கைகள் உயர்ந்தன.

கவசம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில், விபத்தில் காயமுற்ற 64,000க்கும் மேற்பட்ட மிதிவண்டியோட்டிகளைப் பற்றிய தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கவசம் அணிந்திருந்தவர்களிடையே கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 விழுக்காடு குறைந்திருந்தது. பெரிய அளவுதான். ஆனால் மீதமும் இருக்கிறது. கவசம் கை கால்களைக் காப்பதில்லை. லாரியின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. விடியும் முன் கிளம்பும் தொழிலாளிக்குப் பின்புறச் சிவப்பு விளக்கு கவசத்துக்கு நிகராக வேண்டியது. அந்தத் தாயாரின் வண்டியில் விளக்கே இல்லை. அதே கடையில் 18 ரிங்கிட்டுக்கு ஒன்றை வாங்கிப் பூட்டினோம். 85ம் 18ம் சேர்த்து 103 ரிங்கிட். மூன்று ரிங்கிட்டைக் கடைக்காரர் தள்ளிவிட்டார்.

வாங்கியதை வைத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காரினுள் விட்டுவிடாதீர்கள். சூடு நுரையைக் கெடுக்கும். பெயர் எழுதவோ கறை நீக்கவோ தின்னர், பெட்ரோல் போன்றவற்றைத் தொடாதீர்கள். நுரையை அவை கரைத்துவிடும். பிள்ளைகளின் வண்ணம் பூசும் ஆசைக்கும் இங்கே இடமில்லை. வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். நாள்தோறும் அணிபவர் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்றுவது நல்லது. வில்லையில் தயாரித்த ஆண்டும் இருக்கும். கடையில் நெடுநாள் தூசியேறிக் கிடந்ததைத் தள்ளுபடி விலையில் தந்தால் அதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வரும் சனிக்கிழமை காலை எட்டரை மணி முதல் பத்து மணி வரை பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தையல் நாடாவோடு இருப்பேன். தலையளவு பார்த்துக்கொள்ள விரும்பும் பெற்றோர்கள் வரலாம். தாய்மார்கள் வழக்கமாகப் பின்னும் பின்னலோடே வாருங்கள். தந்தையர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாமல் வாருங்கள்.